பழம்பொருளும் ஏலக் கூடமும்

கதிரை, மேசை, அலுமாரி என்னும் சொற்கள் போர்த்துக்கேயர் வழியாக எமது மொழியிற் புகுந்தவை என்பதை மொழியியல் பயிலும் மாணவர் முதலாண்டிலேயே அறிவர். இப்பொருள்களை விலை கூறி விற்கும் முறைக்கு நாம் வழங்கும் ‘ஏலம்’ என்ற சொல்லும் அம்மொழியிலிருந்தே வந்தது என்பது அத்துணைப் பரவலாக நினைக்கப்படுவதில்லை. பொருளைத் தந்தவனே அதனைக் கைமாற்றும் வழியையும் கற்பித்துச் சென்றான் என வேடிக்கையாகக் கூறலாம். ஆயின் பழைய தளபாடங்களும் கடிகாரங்களும் நூல்களும் இன்று ஏலக் கூடங்களில் அடையும் கதியை நோக்குமிடத்து வேடிக்கைக்கு அதிகம் இடமில்லை.

ஏல விற்பனைக்குச் சார்பாக எம்மிடையே கற்றோர் சிலர் கூறும் நியாயம் ஒன்றுண்டு. வீட்டிற் கிடந்தாற் கறையான் அரிக்கும். உடையவனுக்கு அதன் அருமை தெரியாது. பெருவிலை கொடுத்து வாங்குபவனோ அதனைக் கண்ணெனக் காப்பான். ஆகவே விலையே பாதுகாப்பு என்பர். 1744இல் நூல் ஏலத்துடன் தொடங்கிய சொதபீஸ், 1766இல் தோன்றிய கிறிஸ்ரீஸ் முதலிய இலண்டன் நிறுவனங்களுக்குப் பண்பாட்டுக் காவலர் என்ற மதிப்புக் கிடைத்திருப்பதும் இந்நியாயத்தினாலேயே. கேட்பதற்கு இனிய இந்நியாயம் அடிப்படையிலேயே பிழையானது.

ஏலத்தில் விலை உயர்வது எதனால்? பெரும்பாலும் அருமையினால். அவ்வருமை எவ்வாறு பிறக்கிறது? ஒத்த பொருள்கள் அழிந்தொழிவதனாற் பிறக்கிறது. ஐரோப்பியர் ‘கலமந்தர்’ என்றும் சிங்கள மக்கள் ‘களுமெதிரிய’ என்றும் அழைத்த மரத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கைக்கே உரிய இம்மரம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்தது. கபில நிறத்திற் கரிய வரிகள் ஓடும் அதன் வைரத்திற்காக அந்நியர் ஆட்சிக்காலங்களில் அது வரைமுறையின்றித் தறிக்கப்பட்டது. எமர்சன் ரெனன்ற் இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்ட 1859ஆம் ஆண்டளவிலேயே அது காண்டற்கரியதாகிவிட்டது. இன்று ஏலப் பட்டியல்களில் அம்மரத்தின் பெயர் பெருமையுடன் அச்சிடப்படுகின்றது, பெயருக்கே விலையுண்டு. காட்டில் மரம் இல்லாமற் போனமையே கூடத்தில் மேசையின் விலையாகி நிற்கிறது.

நூல்களின் நிலையும் இதுவே. 1981 மே 31ஆம் நாளிரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அவற்றுட் சிலவற்றின் வேறு பிரதிகள் எங்கேனும் ஓரிரு வீடுகளில் எஞ்சியிருந்திருப்பின், ஏலக்காரரின் கணக்குப்படி அவற்றின் விலை அவ்விரவிலேயே உயர்ந்துவிட்டது. அழிவினால் வளரும் பெறுமதியைப் பாதுகாப்பு என்று அழைக்க எமக்கு நா எழவில்லை.

பெருவிலை கொடுப்பவன் பொருளை முழுமையாகக் காப்பான் என்பதும் மெய்யன்று. பால்தேயஸ் பாதிரியாரின் நூல் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தேவாலயங்களைக் காட்டும் செப்புத்தகட்டுச் சித்திரங்கள் பல அதிலுள்ளன. இத்தகைய நூல்களின் முழு விலையிலும் பார்க்கத் தனித்தனிப் படங்களின் கூட்டு விலை அதிகமாகுமாயின், நூலின் கட்டைப் பிரித்துப் படங்களை அறுத்தெடுத்துத் தாள் தாளாக விற்பது பழநூல் வணிகத்தில் நெடுங்கால வழக்கம். படம் சட்டமிடப்பட்டு எவரோ ஒருவரின் வரவேற்பறையில் தொங்கும். அதனை விளக்கிய பக்கங்கள் எங்கு சென்றனவோ! கறையானும் இதனைத்தான் செய்கிறது. ஆனால் அது விலைச்சீட்டு ஒட்டுவதில்லை.

ஏலப் பட்டியலின் மொழியும் ஆராயத்தக்கது. மானிப்பாயில் அமெரிக்க மிசனின் அச்சியந்திரசாலையில் வெளிவந்த நூலொன்றின் முகப்பில், அதனை வைத்திருந்த கிராமத்து ஆசிரியர் தம் பெயரையும் ஊரையும் எழுதியிருப்பார். ஓரங்களிற் பாடபேதமும் ஐயமும் குறித்திருப்பார். பிள்ளை பிறந்த நாளும் நட்சத்திரமும் பின்னட்டையில் இருத்தல் கூடும். எமது கல்வி வரலாற்றை எழுத விழையும் ஒருவனுக்கு அச்செழுத்தினும் இக்கையெழுத்தே பெரிதும் பயன்படும். பட்டியலோ இதனைப் பழுது என்று குறித்து விலையைக் குறைக்கும். எழுதியவர் புகழ்பெற்றவராயின் மாத்திரம் பழுது சிறப்பாகிவிடும். கடிகாரத்தைப் பற்றி நீட்டிக் கூற வேண்டுவதில்லை. ஒன்றின் முகப்பை இன்னொன்றின் பேழையிற் பொருத்தி ஒரே பழம்பொருளாக விற்கும் தந்திரம் அவ்வணிகத்தில் உள்ளோர் அறியாததன்று.

கதிரையைப் பற்றியோ சற்று விரிவாகக் கூறவேண்டும். ‘இலங்கை, காலி மாவட்டம், கருங்காலி, 19ஆம் நூற்றாண்டு’ என்ற அளவில் ஏலப் பட்டியல் நின்றுவிடும். செய்த தச்சனுக்குப் பெயரில்லை; செய்வித்தவனுக்கு மட்டும் சிலவேளை பெயருண்டு. வடபகுதி வீடுகளின் சாய்மனைக் கதிரைக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதில் எவர் அமரலாம், எவர் அதன் முன்னே நிலத்தில் இருக்கவேண்டும் என்பதைச் சாதி வகுத்திருந்தது. பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்ற விதி 1929, 1930ஆம் ஆண்டுகளில் வந்தபோது அதனை எதிர்த்துப் பாடசாலைகளுக்குத் தீயிட்டவர்களும் எம்மவரே. பழைய கதிரையைக் கண்டு ‘எங்கள் பாரம்பரியம்’ எனக் கண்கலங்குவோர் இதனையும் சேர்த்தே கண்கலங்க வேண்டும். அந்த வரலாற்றைத் துடைத்து மெருகிட்டுத் தருவதனாலேயே ஏலக் கூடம் சிலருக்கு உவப்பாயிருக்கிறது போலும்.

சட்டமும் எமக்கு முழுத்துணையாய் அமையவில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என வரையறுத்தது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான நாள். யாழ்ப்பாணமோ 1795இலேயே அவர் கைப்பட்டுவிட்டது. அந்த எல்லைக்கோட்டின்படி, ‘உதயதாரகை’ தொடங்கிய 1841ஆம் ஆண்டும் மானிப்பாய் அகராதி வெளிவந்த 1842ஆம் ஆண்டும் தொல்பொருட் காலத்திற்கு வெளியே நிற்கின்றன. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம் ஏற்றுமதிக்கு உரிமப்பத்திரம் வேண்டுமென்றது. நாட்டினுள்ளே ஒரு சேகரிப்புச் சிதறுவதை உரிமப்பத்திரம் எங்ஙனம் தடுக்கும்?

அப்படியாயின் கறையானுக்கு விடுவதா என்பர். வேண்டியதில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்கள், அவர் 1992இல் மறைந்தபின் உதிரி உதிரியாக விலைபோகவில்லை. சிக்காகோப் பல்கலைக்கழகம் அவற்றை மொத்தமாக வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. 1994 முதல் அது ஆய்வு நூலகமாயிற்று. இங்கும் காசு கைமாறியது. ஆயினும் தொகுப்புச் சிதையவில்லை, ஆய்வாளனுக்குக் கதவு அடைபடவுமில்லை. எம்மவர் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சி, பொருளை உடையவரிடமே விட்டு அதன் உள்ளடக்கத்தைப் பொதுவாக்கியது. இவற்றுக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரின் நூல்களைக் குடும்பத்தார் விற்க முன்வருகையில் ‘எம்மிடம் இல்லாதவை மட்டும் போதும்’ எனப் பொறுக்கியெடுக்கும் எமது பல்கலைக்கழக நூலகங்களின் போக்கு ஏலக்காரரின் போக்கினின்றும் எவ்வகையில் வேறானது?

தொகுப்பைத் தொகுப்பாகவே ஏற்றல் வேண்டும் என்று எமது சங்கம் நூலகக் குழுவிடம் கேட்கவேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் அதுவரை காத்திருக்கத் தேவையுமில்லை. ஒரு கொப்பி போதும்: வீட்டிலுள்ள பெட்டகத்தைச் செய்தவர் யார், மரம் எங்கிருந்து வந்தது, கடிகாரம் எந்தச் சுவரில் நின்றது, நூலின் ஓரத்தில் எழுதியது எவர் கை, கதிரையில் இருந்தவர் யார், இருக்கவிடப்படாதவர் யார். இவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் பலர் இன்னும் ஊரில் இருக்கின்றனர்.