மாலுமியின் பேச்சு

கடலோடிகளைப் பற்றிய கேலி கடலோடிகளிடமே உண்டு. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் 'ஏலேலோ', 'ஐலசா' என ஏற்றுப் பாடுவர். வலையின் சுமை தெரியாதிருக்க இடையிடையே கிண்டலும் கலக்கும். அங்கே நகைப்பவரும் நகைப்புக்கு உள்ளாகிறவரும் ஒரே கயிற்றைப் பிடித்தவர்கள். அதனால் அது புண்படுத்துவதில்லை.

கரையில் இருப்போர் படைத்த மாலுமியின் நிலை வேறு. 1929இல் அமெரிக்கச் செய்தித்தாள் படக்கதை ஒன்றில் சீகர் என்னும் ஓவியர் படைத்த பாப்பாய், பின்னாளில் தொலைக்காட்சி வழியே தமிழ் வீடுகளுக்கும் வந்தான். புகைக்குழாயும் பசலைக்கீரையும் மட்டுமல்ல, அவனது கோணல் ஆங்கிலமும் சிரிப்பூட்டுகிறது.

உண்மையில் மாலுமியின் பேச்சு சிதைந்த பேச்சு அன்று, கலந்த பேச்சு. துறைமுகந்தோறும் சோறும் நீரும் கேட்டுப் பெறவேண்டியவன் ஒரே மொழியோடு நிற்க இயலுமா? போர்த்துகீசியக் கப்பல்களின் வரவால் சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்கள் தமிழில் கலந்தன. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போயிற்று. இவற்றைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை.

வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, விடுமுறையில் குமுளி வழியே மலையிறங்கிக் கம்பத்திலுள்ள பாட்டி வீட்டுக்குச் செல்வதாகக் கொள்வோம். தாகத்தில் மலையாள வழக்குப்படி 'வெள்ளம்' கேட்கிறாள். "ஆற்று வெள்ளமா?" என்று மாமன் பிள்ளைகள் சிரிக்கின்றனர். இது பாப்பாயைக் கண்டு எழும் சிரிப்பே. அவள் வாய்மூடிவிட வேண்டியதில்லை. குளத்து மலரின் தண்டு நீரின் அளவுக்கு நீளும் என்று சொல்லும் 595ஆம் குறளில், திருவள்ளுவர் நீரை 'வெள்ளம்' என்றே குறிக்கிறார்.