கூண்டில் சிக்கும் சிறுத்தைக்கும் ஒரு 'சிபிசி' - எதற்காக?

வருஷத்துக்கு ஒருமுறை ஆபீஸ் செலவில் ஹெல்த் செக்கப் போகிறவர்களுக்கு 'சிபிசி' பழக்கமான பெயர். ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் டெஸ்ட். நீலகிரியில் பிடிபடும் புலி, சிறுத்தையின் உடல்நிலையை அறியவும் இதே டெஸ்ட்தான் முதல் படி. ஆனால், அந்த ரிப்போர்ட்டைப் படிப்பது லேசான வேலை இல்லை.

கூடலூர், மசினகுடி பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலியை 2021-ல் வனத்துறை 21 நாள் தேடியது. உடனே கொன்றுவிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 15-ம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து, காயங்களோடு மைசூருவுக்கு அனுப்பினார்கள். இப்படி ஒரு விலங்கு மயங்கிக் கிடக்கும் கொஞ்ச நேரம்தான் டாக்டருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. வால் அல்லது காலில் உள்ள ரத்தக்குழாயில் சில மில்லி எடுத்தால் போதும்.

பயந்தாலே ஏறும் நம்பர்

சிக்கல் இங்கேதான். பயந்துபோன பூனை இனத்தின் உடலில் அட்ரினலின் பாயும்போது, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளையணுக்கள் ஓட்டத்தில் கலந்துவிடும். எண்ணிக்கை கிடுகிடுவென ஏறும். கூண்டில் பல மணி நேரம் கிடந்தால் கார்டிசால் வேலையைக் காட்டும்: நியூட்ரோஃபில் கூடும், லிம்ஃபோசைட்டும் ஈசினோஃபிலும் குறையும். அவசரமாகப் பார்த்தால் 'இன்ஃபெக்‌ஷன்' என்றுதான் தோன்றும். மயக்க மருந்தும் தன் பங்குக்குக் குழப்பும். சைலசின், கீட்டமின் போன்றவை கொடுத்த பிறகு மண்ணீரல் சிவப்பணுக்களைத் தேக்கிக்கொள்வதால், நல்ல விலங்குகூட ரத்தசோகை பிடித்ததுபோலத் தெரியலாம்.

மெஷினை நம்பலாமா என்றால், அதுவும் முழுசாக முடியாது. பூனை இனத்தின் பிளேட்லெட்டுகள் பெரியவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அவற்றைத் தவறவிட்டு 'குறைவு' என்று காட்டும். டெங்கு சீசனில் அந்த நம்பரைப் பார்த்துப் பதறியவர்களுக்கு இதன் விபரீதம் புரியும். அதனால், ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் மனுஷன் பார்க்கும் பழைய முறைக்கு இன்றும் மாற்று இல்லை.

சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி

அப்படிக் கண்ணால் பார்க்கும்போதுதான் பெபீசியா மாட்டும். உண்ணிகள் பரப்பும் இந்த ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைக்கிறது. 2018 செப்டம்பரில் தொடங்கிய சில வாரங்களில் குஜராத்தின் கிர் காட்டில் 23 சிங்கங்கள் இறந்தபோது, பேசப்பட்ட இரண்டு பெயர்களில் ஒன்று இது. இன்னொன்று, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். அந்த வைரஸ் லிம்ஃபோசைட்டுகளை அழித்து நோய் எதிர்ப்பு சக்தியைக் குலைக்கும். அந்தச் சந்தில் பெபீசியா பெருகும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994-ல் டிஸ்டெம்பர் பரவியபோது மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் போயின.

கிர் எங்கே, குன்னூர் எங்கே என்று கேட்கலாம். தேயிலை எஸ்டேட்டில் சிறுத்தை எதற்கு வருகிறது? லைன் வீடுகளைச் சுற்றித் திரியும் நாய்க்கு. நோயுள்ள நாயைத் தின்றால் அந்த வைரஸ் காட்டுக்குள் போக வழி கிடைக்கிறது.

2024 ஜனவரியில் பந்தலூரில் ஒரு குழந்தையைக் கொன்ற சிறுத்தை பிடிபட்டு வண்டலூருக்குப் போனது. 'ஆளைக் கொன்ற மிருகத்துக்கு பிளட் டெஸ்ட் ஒரு கேடா?' என்று எஸ்டேட் மக்கள் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இலை பறிக்கப் போகிறவர்களின் பயம் ஏட்டில் எழுதுகிற பயம் இல்லை. ஆனால், அந்த டெஸ்ட் அவர்களுக்காகவும்தான். சிறுநீரகம் கெட்டு, வேட்டையாடத் தெம்பில்லாமல் ஊருக்குள் வந்ததா, அல்லது திடமான உடம்போடு நாய்க்குப் பழகி வந்ததா என்பதைப் பொறுத்து அடுத்து செய்ய வேண்டியதே மாறும். முதலாவதைக் காட்டில் விட்டால் அது மறுபடி மாட்டுக்கொட்டகைக்குத்தான் வரும். இரண்டாவது என்றால், ஒன்றைப் பிடித்துப் பயனில்லை. நாய்கள் இருக்கும்வரை அடுத்த சிறுத்தை வரும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும் நார்மல் அளவுகளில் பெரும்பகுதி உயிரியல் பூங்கா விலங்குகளுடையவை. வேளாவேளைக்குக் கறி தின்னும் புலியின் நம்பரை வைத்து முதுமலைப் புலியை அளப்பது சரிவராது. இங்கே பிடிபடும் ஒவ்வொன்றின் ரிப்போர்ட்டும், எந்த மருந்து, கூண்டில் எத்தனை மணி நேரம், என்ன வயசு என்ற குறிப்போடு ஒரே பதிவேட்டில் சேர வேண்டும். முதுமலை, பந்திப்பூர், வயநாடு எல்லாம் ஒட்டிய காடு என்பதால் மூன்று மாநிலங்களுக்கும் அது பொதுவாக இருந்தால்தான் உதவும்.

மலையை விட்டு இறங்கிப் பெரிய லேப் போய்ச் சேருவதற்குள் ரத்த அணுக்களின் வடிவம் கெடத் தொடங்கிவிடும். பிடித்த இடத்திலேயே கண்ணாடியில் தேய்த்து, கூடலூரிலோ தெப்பக்காட்டிலோ அன்றைக்கே பார்த்துவிட ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒரு பாட்டில் சாயமும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். கூடவே, லைன் நாய்களுக்கு வெறிநாய் தடுப்பூசி போடப் போகும்போது டிஸ்டெம்பர் ஊசியையும் எடுத்துக்கொண்டு போகலாம்.