பஸ் மாநகராட்சி பேர்ல... டிரைவர் யாரோட ஆள்?

மும்பை சிவப்பு பஸ்களை ஓட்டுவது 'பெஸ்ட்' நிறுவனம். 1947-ல் இருந்து மாநகராட்சிக்குச் சொந்தம். டிரைவர் வேலை கிடைத்தால் போதும், ரிட்டயர்டு ஆகும் வரை கவலை இல்லை என்று இருந்த காலம் உண்டு.

இப்போ கதையே வேற. பாதிக்கு மேல் வாடகை பஸ்கள். பஸ் கான்டிராக்டருடையது, டிரைவரும் அவர் ஆள்தான். ஓடுகிற கிலோ மீட்டருக்கு இவ்வளவு என்று பெஸ்ட் பணம் கொடுக்கும். ஒரே டெப்போ, ஒரே ரூட், ரெண்டு சம்பளம். பெஸ்ட் ஊழியருக்கு இணையான சம்பளம் கேட்டுத்தான் 2023 ஆகஸ்டில் வாடகை பஸ் டிரைவர்கள் ஸ்டிரைக் செய்தார்கள்.

2024 டிசம்பர் 9-ந்தேதி இரவு குர்லாவில் வாடகை மின்சார பஸ் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேருக்கு மேல் பலி. டிரைவர் அதற்கு முன் ஓட்டியது சின்ன பஸ். பெரிய மின்சார பஸ்சில் கொடுத்த பயிற்சி சில நாள்தான் என்று செய்தி வந்தது. முன்னெல்லாம் ஆளை எடுப்பதும் பழக்குவதும் பெஸ்டே. இப்போ அந்தப் பொறுப்பு கான்டிராக்டர் கைக்குப் போய்விட்டது.

2025 மே மாதம் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாயில் இருந்து 10 ரூபாய் ஆனது. அதை ஏற்றியது மட்டும் கான்டிராக்டர் இல்லீங்க, பெஸ்ட்தான்!