முன்னாள் மாணவர்களை எப்படிக் கௌரவிப்பது?

வெளியூரில் நமக்கு ராசிபுரம் என்று சொன்னால், என் வயதுக்காரர்கள் "நெய்க்குப் பேர்போன ஊராச்சே" என்பார்கள். கொஞ்சம் புத்தகம் படிக்கிறவர்களாக இருந்தால் "ஆர்.கே. நாராயண் ஊரா?" என்று கேட்பார்கள். நாமும் பெருமையாகத் தலையை ஆட்டிவிடுவோம்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அந்தப் பெருமையில் நம் பங்கு ஓர் எழுத்துதான். ராசிபுரம் கிருஷ்ணசாமி ஐயர் நாராயணசாமி என்பது அவருடைய முழுப்பெயர். அந்த 'ஆர்' நம்முடையது. மற்றபடி அவர் 1906-இல் பிறந்தது சென்னை புரசைவாக்கத்தில். படித்தது சென்னையிலும் மைசூரிலும். எழுதியது மால்குடி என்ற கற்பனை ஊரைப் பற்றி. அவர் தம்பி கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணுக்கும் இதே கதைதான். மைசூரில் பிறந்து, மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்து, பம்பாயில் பேர் வாங்கியவர்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில், சாதனை புரிந்தவர்களின் பெயர்களைக் கிரானைட் பலகையில் பொறித்து வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. விருது பெற்றவர்கள், பெரிய பதவி வகித்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று மூன்று தலைப்புகள். "நீங்க பேங்க்ல இருந்தவருங்க, கணக்கு சுத்தமா இருக்கும்" என்று சொல்லிப் பட்டியல் தயாரிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். இரண்டு மாதமாக அதே வேலை. அதில் எனக்கு வந்த சில எண்ணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், சொந்தம் கொண்டாடுவது பற்றி. 2009-இல் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. அவர் சிதம்பரத்தில் பிறந்தவர், அது உண்மை. ஆனால் சின்னக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. பி.எஸ்ஸி. பட்டம் பரோடா பல்கலைக்கழகத்தில் 1971-இல் வாங்கியது. அப்படியிருக்க, சிதம்பரத்தில் நான் அவருக்குப் பாடம் நடத்தினேன் என்று சொல்லவும் ஆள் வந்தது. அங்கே நான் படித்ததே இல்லையே என்று அவரே வருத்தத்தோடு மறுக்க வேண்டியதாயிற்று. பரிசு வந்த பிறகு உறவு கொண்டாட வருகிறவர்களைப் பார்த்து அவர் சலித்துக்கொண்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. மரம் வைக்காதவன் பழத்துக்குப் பங்கு கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆகவே ஒரு கல்லூரி தன் பழைய மாணவரின் விருதைப் பலகையில் எழுதும் முன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இவர் இங்கே இருந்தபோது நாம் இவருக்கு என்ன செய்தோம்?

ஆர்.கே. நாராயணையே எடுத்துக்கொள்வோம். வழிகாட்டி நாவலுக்கு 1960-இல் சாகித்திய அகாதெமி பரிசு. 1964-இல் பத்மபூஷண். 1980-இல் இங்கிலாந்தின் ராயல் இலக்கியச் சங்கம் கொடுத்த பென்சன் பதக்கம். 1986-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். 2000-இல் பத்மவிபூஷண். எந்தக் கல்லூரியும் பொன்னெழுத்தில் போட்டுக்கொள்ளும் பட்டியல். ஆனால் அவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஃபெயில் ஆனவர். அதுவும் ஆங்கிலத்தில்! ஒரு வருஷம் வீட்டில் இருந்து கைக்குக் கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்திருக்கிறார். பி.ஏ. முடிக்கவும் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. லக்ஷ்மண் விஷயமும் அப்படியே. பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். போதிய திறமை இல்லை என்று இடம் தரவில்லை. அந்தக் கைதான் 1984-இல் மகசேசே விருதும் 2005-இல் பத்மவிபூஷணும் வாங்கியது.

கணித மேதை ராமானுஜன் கதை இன்னும் பெரிது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாததால் மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-இல், 32 வயதில், மறைந்துவிட்டார்.

இதில் எது பெரிய கௌரவம்? எஃப்.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பேங்க்கில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிய நான் 75 ரூபாயைத்தான் சொல்வேன். பேர் வருவதற்கு முன்னால், தகுதிச் சான்றிதழ் இல்லாதபோது, விதியைத் தளர்த்திக் கொடுத்த பணம் அது. அந்த முடிவை எடுத்தவர்கள் துணிந்து எடுத்தார்கள். நோபல் வந்த பிறகு சால்வை போர்த்த எந்தத் துணிச்சலும் தேவையில்லை.

அப்துல் கலாம் வாழ்க்கையிலும் இப்படி ஒரு ரூபாய்க் கணக்கு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட ஆயிரம் ரூபாய் இல்லை. அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த எம்.ஐ.டி.யே 1949-இல் சி. ராஜம் என்பவர் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டுத் தொடங்கியதுதான். 1997-இல் கலாமுக்குப் பாரத ரத்னா கிடைத்தபோது, அதில் அந்த வளையலுக்கும் அந்த வீட்டுக்கும் பங்கு இருந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். நாமக்கல், ராசிபுரம் பக்கம் படிப்பு என்றால் ரேங்க் என்று ஒரு காலம் இருந்தது நமக்குத் தெரியும். மே மாதம் வந்தால் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம், பஸ் ஸ்டாண்ட் முழுக்க பேனர், அதில் தபால்தலை அளவில் பிள்ளைகளின் முகங்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று. 2017-இல் அரசு அந்த ரேங்க் பட்டியல் வெளியிடுவதையே நிறுத்தியது. நல்ல காரியம் என்பது என் கட்சி. அந்தப் பேனரில் இருந்த பிள்ளைகள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று பேனர் வைத்தவர்களுக்கே தெரியாது. அடுத்த ஜூனில் அதே கம்பத்தில் வேறு முகம். கிரானைட் பலகையும் கவனமில்லாமல் செய்தால் மழைக்குக் கிழியாத பேனர்தான்.

இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. மாநிலங்களவையில் ஆர்.கே. நாராயண் பேசியது பள்ளிக் குழந்தைகளின் புத்தக மூட்டையைப் பற்றி. அந்தப் பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாகத்தான் 1992-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. சுமையில்லாத கல்வி பற்றிய அதன் அறிக்கை 1993-இல் வந்தது. பரீட்சையில் தவறிய பையன் எண்பது வயதைத் தாண்டியபோது தன் பதவியைப் பயன்படுத்தியது, மற்றப் பிள்ளைகளின் முதுகுச் சுமையைக் குறைக்கச் சொல்லி. விருதுப் பட்டியலில் இது வராது. நான் பலகை எழுதினால் இதை முதலில் எழுதுவேன்.

இனி, பட்டியலில் யார் இல்லை என்பதைப் பற்றி.

பெண்கள் இல்லை. எங்கள் செட்டில் படித்த பெண்கள் குறைவு, ஆனாலும் இருந்தார்கள். கல்லூரிப் பதிவேட்டில் அப்பா பெயர் இனிஷியல், அப்பா வீட்டு விலாசம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிவிட்டது, ஊர் மாறிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் யாரும் கிடையாது. இரண்டு மாதம் தேடியதில் மூன்று பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒருவர் தாசில்தாராக ஓய்வு பெற்றிருக்கிறார். சங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை! "என்னைய யாருமே கூப்பிட்டதில்லீங்களே" என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளூரிலேயே இருந்தவர்கள் இல்லை. அமெரிக்காவுக்குப் போனவர் பெயர் இருக்கிறது. கொல்லிமலைக்குப் போனவர் பெயர் இல்லை. என் வகுப்பு நண்பர் ஒருவர், மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவார். அவரிடம் படித்த மலைப் பிள்ளைகள் நர்ஸாக, வி.ஏ.ஓ.வாக, ஆசிரியராக இருக்கிறார்கள். நல்லாசிரியர் விருதுக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. நாமே விண்ணப்பம் போட்டு நமக்கே விருது கேட்பது அவருக்குக் கூச்சம். ஆகவே பட்டியலின்படி அவர் சாதனை ஏதும் செய்யாதவர்.

இன்னொருவர் வேதியியல் படித்துவிட்டு சேகோ ஆலையில் வேலை பார்த்தவர். நம் பக்கத்து விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்குக்கு விலை, மாவுச்சத்துப் பாயிண்ட்டைப் பார்த்துத்தான். இரண்டு பாயிண்ட் குறைத்து எழுதினால் ஒரு லோடுக்கு எவ்வளவு போகும் என்று கிழங்கு போட்டவனுக்குத் தெரியும். "அவர் பார்த்துச் சொன்னா சரியா இருக்குமுங்க" என்று குடியானவர்கள் வண்டியைத் திருப்பி அவர் இருக்கிற ஆலைக்கு ஓட்டுவார்கள். இதைவிடப் பெரிய பட்டம் ஒரு வேதியியல் பட்டதாரிக்கு என்ன வேண்டும்?

விருது வேண்டாம், பதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொறாமை. மோகனூரில் பிறந்த ராமலிங்கம் பிள்ளை 1949-இல் அரசவைக் கவிஞர் ஆனதும், 1971-இல் பத்மபூஷண் பெற்றதும், சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர் வைத்ததும் நமக்கெல்லாம் நெஞ்சு நிமிரும் விஷயம்தான். நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க ஆள் வேண்டும். அதோடு, பக்கத்தில் பார்க்கவும் ஆள் வேண்டும் என்கிறேன்.

பெரிய பேர் வாங்கியவர்கள் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கும் சமீபத்தில் நல்ல உதாரணம் கிடைத்தது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோவில் தொடங்கி மேலே வந்தவர். 2023-இல் தமிழக அரசு அவருக்கு 25 லட்ச ரூபாய் பரிசு கொடுத்தது. அந்தத் தொகையைத் தான் படித்த கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அந்த டிப்ளமோ படித்த பாலிடெக்னிக்கையும் அவர் விட்டுவிடவில்லை. கடைசியாகப் படித்த ஐ.ஐ.டி.யோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஏணியின் முதல் படியை ஞாபகம் வைத்திருக்கிற மனுஷர்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

ஒன்று, பட்டியலில் விருதின் பெயரோடு, அந்த மனிதர் செய்த வேலை என்ன என்று ஒரு வரி இருக்க வேண்டும். ஒரு வரிகூட எழுத முடியாத விருது பலகைக்கு வேண்டாம்.

இரண்டு, பெண்களையும் உள்ளூர்க்காரர்களையும் தேடிச் சேர்க்க ஆறு மாதம் அவகாசம் வேண்டும். கிரானைட் எங்கேயும் ஓடிப்போகாது. தேட வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். பலகைக்கும் விழாவுக்கும் ஒதுக்கிய தொகையில் பாதியை எடுத்து வங்கியில் போட்டு, வட்டியை வருஷா வருஷம் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும். பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு, பஸ் காசுக்காக வாரம் இரண்டு நாள் வராமல் நிற்கிற பிள்ளைக்கு, அரியர் வைத்துவிட்டுப் படிப்பை விடலாமா என்று யோசிக்கிற பிள்ளைக்கு. மார்க் பார்க்கக் கூடாது. மார்க் பார்த்திருந்தால் ராமானுஜனுக்கு 75 ரூபாய் கிடைத்திருக்காது.

சங்கத்தில் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். சீஃப் கெஸ்ட் வந்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று என்றால்தான் விழா என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான், பேசிப் பார்க்கலாம். ஓட்டுக்கு விட்டால் தோற்றாலும் தோற்பேன். தோற்றால் என் பங்குப் பணத்தையாவது தனியாகக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வேன்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கல்லூரிகளில் படித்த சகோதரிகள் இருந்தாலோ, உங்கள் அக்கா, அத்தை, மதினி யாராவது படித்திருந்தாலோ, அப்பா வீட்டு இனிஷியலோடு பெயரையும் படித்த வருஷத்தையும் தெரியப்படுத்துங்கள். பட்டியலில் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது.