அழகுராணியின் தர்மமும் நம் பெண்களின் உரிமையும்

பாடாலூர் வட்டாரத்தில் பருத்தி எடுப்பு நடக்கும் நாட்களில், பொழுது விடியும்போதே பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை குனிந்து நிமிர்ந்து பஞ்சு எடுக்கிறார்கள். சின்ன வெங்காயக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் இதே கதைதான். மாதவிலக்கு நாளானாலும் வேலை வேலைதான். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. போனால் ஒதுங்க மறைவில்லை; கழுவத் தண்ணீரில்லை.

இந்தப் பெண்களின் இந்த வேதனையைப் பற்றி உலக அழகிப் போட்டி மேடையிலே பேசினார்கள் என்றால் நம்புவீர்களா? பேசினார்கள். பேசியவருக்குக் கிரீடமும் கிடைத்தது!

2017 நவம்பர் 18ஆம் தேதி, சீன நாட்டின் சான்யா நகரத்தில் உலக அழகியாக முடிசூட்டப்பட்டார் மானுஷி சில்லார். ஹரியானாவைச் சேர்ந்த இருபது வயதுப் பெண். சர்க்கார் மருத்துவக் கல்லூரி மாணவி. ‘சக்தி’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்தினார். கிராமங்களுக்குப் போய், மாதவிலக்குக் காலச் சுகாதாரத்தைப் பற்றிப் பெண்களிடம் பேசினார். குறைந்த விலை நாப்கின்களைப் பரப்பினார். சுமார் 20 கிராமங்கள், ஐயாயிரம் பெண்கள் என்று கணக்குச் சொன்னார்கள். போட்டியில் சமூக சேவைக்கென்றே உள்ள ‘நோக்கமுள்ள அழகு’ என்ற பிரிவில் வென்றவர்களில் அவரும் ஒருவர்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு தோழரின் மகள் நம்மிடம் கேட்டாள்: “நல்லதுதானே செய்திருக்கிறார்? அதையும் ஏன் குறை சொல்கிறீர்கள்?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அந்தப் பெண் செய்தது நல்ல காரியம்தான். மாதவிலக்கு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே கூசும் நாட்டில், கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவது லேசான வேலையல்ல. அந்த இளம் பெண்ணின் மீது நமக்குப் பகையில்லை. நாம் கேட்பது வேறு. நம் பெண்களின் வேதனை, ஒரு போட்டியிலே மார்க்கு வாங்கும் சமாசாரமாக ஆனது எப்படி? இந்தத் தர்மத்தால் லாபம் யாருக்கு?

உலக அழகிப் போட்டியின் பூர்வீகத்தைப் பாருங்கள். 1951இல் லண்டனில், நடன மண்டபங்கள் நடத்தும் கம்பெனி ஒன்றைச் சேர்ந்த எரிக் மார்லி என்பவர் தொடங்கியது இது. நீச்சல் உடையில் பெண்களை நிறுத்தி வேடிக்கை காட்டி, ஜனங்களை இழுக்கும் வியாபாரம். தர்மமும் சேவையும் அப்போது பேச்சிலே கூட இல்லை.

1966இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாக இந்தப் பட்டத்தை வென்றவர் ரீட்டா ஃபாரியா. பம்பாயின் மருத்துவ மாணவி. பட்டம் சூடிய கையோடு அவரை எங்கே கூட்டிப் போனார்கள் தெரியுமா? வியட்நாமுக்கு! அமெரிக்க நடிகர் பாப் ஹோப்புடன், வியட்நாம் மக்களின் மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களை உற்சாகப்படுத்த. ஏகாதிபத்தியத்துக்கு ஓர் அழகுராணியின் புன்னகையும் ஓர் ஆயுதம்தான். பிற்பாடு ரீட்டா ஃபாரியா அந்தப் பகட்டு உலகத்தை உதறிவிட்டுப் படிப்பை முடித்து டாக்டரானார். அதற்காக அவரைப் பாராட்டுவோம்.

1970இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் போட்டி நடந்தபோது, மேடையில் நின்று நடத்தியவர் அதே பாப் ஹோப். பெண் விடுதலை இயக்கத்தார் மாவுப் பொட்டலங்களை வீசி, கிலுகிலுப்பையை ஆட்டிக் கூட்டத்தைக் கலக்கினார்கள். ‘நாங்கள் சந்தை மாடுகளா?’ என்பதே அவர்களுடைய கேள்வியின் சாரம். இரண்டே வருஷத்தில், 1972இல், மார்லியின் மனைவி ஜூலியா மார்லி ‘நோக்கமுள்ள அழகு’ என்ற தர்மத் திட்டத்தைத் தொடங்கினார். அன்று முதல் நூறு கோடி பவுனுக்கு மேல் தர்ம நிதி திரட்டியிருப்பதாக அந்த ஸ்தாபனம் சொல்லிக்கொள்கிறது. எதிர்ப்புக்கும் தர்மத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். அழுக்குப் படிந்த வியாபாரத்துக்குத் தர்மத்தைப் போல நல்ல சவுக்காரம் வேறில்லை என்பது நம் அபிப்பிராயம்.

வெகு தூரம் போக வேண்டாம். 2025 மே மாதம் ஹைதராபாத்தில் இதே போட்டி நடந்தது. ராமப்பா கோயிலுக்கு அழைத்துவரப்பட்ட போட்டியாளர்களின் கால்களை, உள்ளூர்ப் பெண்கள் குனிந்து கழுவித் துடைத்தார்கள். நாடே அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தது. உயிர் காக்கும் முதலுதவியைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு வந்த இங்கிலாந்துப் பெண், பணக்காரப் புரவலர்களை மகிழ்விக்கத் தன்னை உட்கார வைத்தார்கள் என்று குற்றம் சாட்டிப் பாதியிலேயே ஊர் திரும்பினார். ஸ்தாபனம் அதை மறுத்தது. ஆனால் ஏழைப் பெண்களுக்குச் சேவை என்று சொல்லும் இடத்தில், ஏழைப் பெண் யார் காலடியில் உட்கார்ந்தாள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

மறுபடியும் 2017க்கு வருவோம். மானுஷி சில்லார் கிரீடம் சூடிய அதே வருஷம், ஜூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி அமலுக்கு வந்தது. குங்குமத்துக்கு வரியில்லை, கண்ணாடி வளையலுக்கு வரியில்லை. நாப்கினுக்கோ 12 சதவீதம் வரி! பெண்ணின் அலங்காரத்துக்கு விலக்கு. அவளுடைய ஆரோக்கியத்துக்கு அபராதம். ஒரு பக்கம் அழகுராணி நாப்கினைப் பற்றிப் பேசினால் நாடே கை தட்டுகிறது. மறு பக்கம் சர்க்கார் அதே நாப்கினுக்கு வரி பிடுங்குகிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்!

அந்த வரி எப்படிப் போயிற்று? கிரீடத்தைக் கண்டு மனமிரங்கிப் போகவில்லை. நாடெங்கும் பெண்கள் கிளம்பினார்கள். மனுக்கள் குவிந்தன, கோர்ட்டுக்கும் போனார்கள். கேரளத்தில் இந்திய மாணவர் சங்கத்தினர் நாப்கின் மீதே தங்கள் கோஷத்தை எழுதி, மத்திய நிதி மந்திரிக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஒரு வருஷம் போராடிய பிறகு, 2018 ஜூலை 21ஆம் தேதி வரி ரத்தாயிற்று. எந்த அழகிப் போட்டியின் தர்ம மூட்டையும் எட்ட முடியாத கோடானுகோடிப் பெண்களை இந்த வெற்றி எட்டியது. தர்மத்துக்கும் போராட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாப்கின் கிடைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா?

தமிழ்நாட்டில் 2011இல் அறிவிக்கப்பட்ட ‘புது யுகம்’ திட்டத்தின் மூலம் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வந்தது. கோவை முருகானந்தம், கூலி வேலை செய்து தன்னை வளர்த்த ஒரு தாயின் மகன், குறைந்த விலையில் நாப்கின் செய்யும் எந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு எந்தக் கிரீடமும் தேவைப்படவில்லை. இதெல்லாம் நல்லதே. ஆனால் பாடாலூர்ப் பக்கத்தில் பருத்தி எடுக்கும் ஒரு மூதாட்டி நம்மிடம் சொன்னார்: “துணி இருக்கு தம்பி. இப்ப பொண்ணுங்ககிட்ட அந்தப் பஞ்சும் இருக்கு. மாத்திக்க ஒரு மறைவு எங்க இருக்கு?”

இந்த ஒரு கேள்விக்கு உலக அழகிப் போட்டியில் பதில் கிடையாது. ஏனென்றால், மறைவும் தண்ணீரும் கட்டித்தர வேண்டியவன் வேலை வாங்குகிறவன். அவனைப் பார்த்து விரல் நீட்டினால் தர்ம நிதிக்கு யார் பணம் தருவார்?

மில்லுக்குள் வாருங்கள். பெண்களுக்குத் தனிக் கக்கூஸ் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். எழுதினால் போதுமா? போய்வர நேரம் வேண்டாமா? தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் 2019இல் ஒரு விசாரணையை வெளியிட்டது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல், பேர் கூட இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியது அம்பலமாயிற்று. அதே வருஷம் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கருப்பையையே அறுத்து எடுத்துவிட்டிருக்கிறார்கள்! ஒரு நாள் வேலை நின்றால் மேஸ்திரி அபராதம் பிடிப்பார் என்பது அதற்கு ஒரு காரணம்.

தோழர்களே, அந்தப் பெண்களுக்கு எத்தனை மூட்டை நாப்கின் கொடுத்து என்ன பயன்? அவர்களுக்கு வேண்டியது கூலி வெட்டு இல்லாத ஓய்வு!

சான்யா மேடையில் கடைசிக் கேள்வியாக, உலகத்திலேயே அதிகச் சம்பளம் பெறத் தகுதியான தொழில் எது என்று கேட்டார்கள். தாயின் வேலை என்றார் மானுஷி சில்லார். சம்பளம் என்பது பணம் மட்டுமல்ல, அன்பும் மரியாதையும் கூடத்தான் என்றும் சொன்னார். மண்டபம் அதிர்ந்தது. அழகான பதில்தான். ஆனால் கூலி உயர்வு கேட்டுப் போனவர்களுக்கு, ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்ற பாட்டு புதிதல்ல. அன்பை அளந்து அரிசி வாங்க முடியாது.

இவ்வளவும் சொன்ன நாம், நம் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது எதிர்த்து நின்றவர்களில் இடதுசாரிப் பெண்களும் உண்டு. ஆடை குறைந்தது என்று அழுத கலாசாரக் காவலர்கள் வேறு. பெண்ணைச் சரக்காக்காதே என்று சொன்ன நாம் வேறு. சரி. ஆனால் அதே காலத்தில் நம் யூனியன்களின் கோரிக்கைப் பட்டியலில் பெண்களின் கக்கூஸ் எத்தனையாவது இடத்தில் இருந்தது? போனஸும் பஞ்சப்படியும் முதலில். இது கடைசியில், அல்லது இல்லவே இல்லை. ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் இதைப் பேச நாமும் கூசினோம். நாம் பேசாமல் விட்ட இடத்தில்தான் அழகுராணி வந்து பேசினார். இந்த வெட்கம் நம்முடையது.

ஆகவே, யாராவது வந்து நாப்கின் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் இழிவொன்றுமில்லை. ஆனால் கொடுத்தவரிடம் கேளுங்கள்: “அம்மா, எங்கள் முதலாளியிடமும் சர்க்காரிடமும் கேட்க, எங்களோடு வருவீர்களா?”

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. பீகாரில் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து, 1992 முதல் சர்க்கார் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு வந்தது. கேரளத்தில் மாணவர் யூனியன் கேட்டு, 2023 ஜனவரியில் கொச்சிப் பல்கலைக்கழக மாணவியருக்கு வருகைச் சலுகை கிடைத்தது. பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. ஸ்காட்லாந்தில் 2020இல் சட்டம் போட்டு, 2022 முதல் வேண்டுவோர் எல்லோருக்கும் நாப்கின் இலவசமாகத் தர வழிசெய்தார்கள்.

சர்க்கார் ஊழியருக்குக் கிடைத்தது, காட்டில் குனியும் கூலிப் பெண்ணுக்கு ஏன் கூடாது?

மில்லில் வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பூட்டில்லாத, தண்ணீருள்ள கக்கூஸ், போய்வர நேரம். காட்டு வேலையிலே நான்கு கம்பும் ஒரு படுதாவும் கொண்ட மறைவும், ஒரு குடம் தண்ணீரும். வலி நாளில் கூலியோடு ஓய்வு. இந்த மூன்றையும் அடுத்த யூனியன் கூட்டத்திலே, விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்திலே, முதல் தீர்மானமாக வையுங்கள். ஆண் தோழர்கள் அதை முன்மொழியட்டும்; கூச்சம் அங்கே உடையட்டும்.

பஞ்சை எடுப்பவள் நம் பெண். நூலை நூற்பவள் நம் பெண். அந்தப் பஞ்சில் ஒரு பிடியைத் தர்மமாக வாங்க அவள் பிச்சைக்காரியல்ல. அவளுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குவோம்!