பட்டறையும் பள்ளிக்கூடமே

“படிக்காவிட்டால் ஸ்பானர் பிடிக்கத்தான் போவாய்!” மாணவனைத் திருத்துவதாக எண்ணிக் கூறப்படும் இவ்வசைமொழி, உண்மையில் கூறுவோரின் அறியாமையையே காட்டுகின்றது.

கெடா மாநிலத்தில், பீடோங், பாடாங் செராய் வட்டாரத் தோட்டப்புற வீடொன்றின் முன்றிலில், பழைய காரின் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் இளைஞனின் வேலையைச் சற்றே ஆராய்க. பிஸ்டன் வளையங்களை அழுத்திச் சிலிண்டருக்குள் இறக்கும் தனிக்கருவி அவனிடம் இல்லை. பிஸ்கட் தகரத்தைப் பட்டையாக வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, வளையங்களைச் சுற்றி ஹோஸ் கிளிப்பால் இறுக்குகிறான். எண்ணெய் தடவி, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டுகிறான். வளையம் ஒடியாமல் பிஸ்டன் இறங்குகிறது. சிலிண்டர் ஹெட்டின் திருகாணிகளை அளவறிந்து முறுக்கும் கருவியும் இல்லை. ஸ்பானரில் குழாயைச் செருகி, திருகாணியிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் கொக்கித் தராசை மாட்டி, செங்கோணத்தில் 10 கிலோகிராம் காட்டும்வரை இழுக்கிறான். 6 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு கிடைத்துவிடுகிறது. வகுப்பறையில் மனனம் செய்யப்படும் திருப்புத்திறன் விதி இதுவன்றி வேறென்ன?

தகரம் கொண்டே எல்லாம் ஆகிவிடும் என்பதும் பேதைமையே. சிலிண்டரின் தேய்மானத்தைக் கண்ணால் அளத்தல் இயலாது. அதற்கு முறையான அளவுகருவி வேண்டும். ஒப்பேற்றிய கவ்வி நழுவினால் வால்வின் சுருள்வில் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். எதை ஒப்பேற்றலாம், எதை ஒப்பேற்றலாகாது என்று பகுத்தறிவதே தொழிலறிவு. அவ்வறிவை ஊட்ட வேண்டிய பள்ளியே அத்தொழிலை இழித்துரைத்தால், இளைஞன் எங்கே செல்வான்?

கோவை ஜி. டி. நாயுடு (1893–1974) ரட்ஜ் மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே இயந்திரக் கலை பயின்றார். 1920இல் பொள்ளாச்சி–பழனிப் பேருந்தை ஓட்டியவர், பின்னர் தொழில் மேதையாகப் போற்றப்பட்டார். மேடையில் அவரைப் புகழும் நா, முன்றிலில் எண்ணெய்க் கறையோடு நிற்கும் இளைஞனைப் பழிப்பது எவ்வகை நேர்மை?

அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் அச்சான்றிதழுக்குச் சட்ட வலிமை தந்துள்ளது. குரூணில் மோட்டார்சைக்கிள் ஆலையும் கூலிமில் கார் ஆலையும் உள்ளன. வழி இருந்தும் அதைக் காட்டுவார் இல்லாமையால், திறமிக்க கைகள் சான்றின்றிக் குறைகூலிக்கு உழைக்கின்றன.

ஆகவே ஆசிரியர்கள் அவ்வசைமொழியைக் கைவிடட்டும். நெம்புகோல் பாடம் நடத்தும் நாளில் அவ்விளைஞனை வகுப்பறைக்கு அழைக்கட்டும்; சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்ப அவனுக்குத் துணைநிற்கட்டும். மாணவர்கள் அவன் கையையும் கணக்கையும் ஒருங்கே கற்கட்டும்.