நாத்து நடுறதே யோகாதானே என்று சொல்பவர்களுக்கு

"நாத்து நடுறதே யோகாதானே டாக்டர், அவங்களுக்கு எதுக்குத் தனியா ஒரு யோகா?"

இந்தக் கேள்வியை தஞ்சாவூரில் கல்யாண வீட்டில் கேட்டிருக்கேன், மேடையில் கேட்டிருக்கேன், சக டாக்டர்கள் வாயிலேயே கேட்டிருக்கேன். கேட்டவங்கள்ல ஒருத்தர்கூட ஒரு நாள் முழுக்க நாத்து நட்டவர் இல்லை. பாராட்டு மாதிரி காதுல விழுற ஒரு பொய் இது. நீளமான த்ரெட், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நடவுன்னா என்னன்னு முதல்ல பார்ப்போம். கணுக்காலுக்கு மேல சேறு. இடுப்பிலிருந்து உடம்பை மடிச்சு, இடது கையில நாத்து முடியைப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால ரெண்டு மூணு நாத்தாகப் பிரிச்சு ஊன்றிக்கிட்டே பின்னாடி பின்னாடி நடக்கணும். அடுத்த முடியை எடுக்கும்போதுதான் கொஞ்சம் நிமிரலாம். பக்கத்து ஆள் முந்திப் போறாங்கன்னா அதுவும் கிடையாது. ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி எடுத்த வேலைன்னா சுத்தமா கிடையாது.

இப்போ ஆசனம். மூச்சை விட்டுக்கிட்டே குனியறோம். சில மூச்சு நேரம் அங்கேயே நிக்கிறோம். மூச்சை இழுத்துக்கிட்டே நிமிர்றோம். அப்புறம் எதிர்ப்பக்கமா ஒரு வளைவு, அப்புறம் ஓய்வு. எல்லாத்துக்கும் மேல, வலிச்சா நிறுத்திக்கலாம். இந்த ஒண்ணை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது யோகா இல்லை, கூலி வேலை. ரெண்டுலயும் முதுகு வளையுதுங்கறதுக்காக ரெண்டும் ஒண்ணாகிடுமா? பசியில கிடக்கறவரைப் பார்த்து "விரதம் இருக்கார்"னு சொல்ற மாதிரி இருக்கு இது.

உடம்புக்குள்ள நடக்கறதும் வேற. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தா முதுகுத் தசைகள் ஒரு கட்டத்துல வேலையை விட்டுடும். பாரம் முழுக்க எலும்புகளைக் கட்டி வச்சிருக்கிற நார்கள் மேலயும், நடுவுல இருக்கற ஜவ்வு மேலயும் இறங்கும். அந்த நார்கள் மெதுவா இழுபட்டுத் தளரும், நிமிர்ந்த உடனே பழையபடி ஆகிடாது. அதனாலதான் வேலை முடிச்சு வரப்புல ஏறும்போது "சட்டுனு நிமிர முடியல டாக்டரம்மா"ங்கறாங்க. அம்மாபேட்டை, பாபநாசம் பக்கத்திலிருந்து என்கிட்ட வர்ற அம்மாக்கள் எல்லாரும் சொல்ற வார்த்தை இது.

"இப்பதான் மெஷின் நடவு வந்துடுச்சே, மேற்கு வங்கத்துல இருந்து ஆளுங்க வந்து நடறாங்களே"ம்பீங்க. உண்மைதான். ஆனா களையெடுப்பு யார் செய்யறா? சம்பா, தாளடி அறுத்த வயல்ல விதைச்ச உளுந்தை யார் பறிக்கறா? நாப்பது வருஷம் குனிஞ்ச முதுகு, மெஷின் வந்துட்டதால இளசாகிடாது.

சரி, யோகா சொல்லிக் கொடுக்கிற நம்ம ஆட்கள் பக்கம் வருவோம். நானும் இதுல ஒருத்திதான். பல வருஷமா பயிற்சி செய்யறேன், கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லியும் கொடுக்கறேன். அதனால உள்ளே இருந்துதான் பேசறேன்.

சர்வதேச யோகா தினம் ஜூன் 21. ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பர் 11-ல் அறிவிச்சது, 2015-லிருந்து கொண்டாடறோம். டெல்டாக்காரங்களுக்கு ஜூன்னா வேற ஒரு தேதிதான் ஞாபகம் வரும். ஜூன் 12, மேட்டூர் அணை திறக்கிற நாள். எல்லா வருஷமும் அப்படி அமையறதில்லை (2022-ல் மே 24-லயே திறந்தாங்க, 2024-ல் ஜூலை 28 வரை இழுத்துச்சு). ஆனா சரியா திறந்த வருஷத்துல, தண்ணி கல்லணையைத் தாண்டி வாய்க்கால்ல இறங்கற நேரமும் யோகா தினமும் ஒண்ணா வரும். நாத்தங்கால், சேடை, வரப்பு வெட்டுன்னு குறுவை வேலை தலைக்கு மேல கிடக்கும். அன்னைக்குக் காலை 6 மணிக்கு மைதானத்துல பாய் விரிச்சா யார் வருவா? வேலைக்குப் போகாதவங்கதான் வருவாங்க. அவங்களை வச்சு போட்டோ எடுத்துட்டு "கிராமம் தோறும் யோகா"ன்னு போட்டா எப்படி?

தப்பித்தவறி வயல்காரப் பெண்கள் வந்துட்டா என்ன நடக்குது? ஐ.டி. கம்பெனிக்காரங்களுக்குச் சொல்லித் தர்ற அதே வரிசை. பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம், பன்னிரண்டு சூரிய நமஸ்காரம். நாள் முழுக்க நாற்காலியில உட்கார்றவங்களுக்கும் நாள் முழுக்க குனியறவங்களுக்கும் ஒரே மருந்தா? அம்பது வயசுக்கு மேல ஒரு அம்மாவை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கால் விரலைத் தொடுங்க"ன்னு அமுக்கறதைப் பார்த்திருக்கேன். எந்த முகாம்னு சொல்ல மாட்டேன். பல இடத்துல இதேதான்.

இதுல என்ன ஆபத்துன்னு கேட்டா, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1984-ல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சொல்றேன். மாதவிடாய் நின்று எலும்பு தேய்ந்திருந்த 59 பெண்கள். முதுகைப் பின்னால் வளைக்கிற பயிற்சி செஞ்சவங்கள்ல 16 சதவீதம் பேருக்குத்தான் புதுசா முதுகெலும்பு நொறுங்கல். முன்னால் குனியற பயிற்சி செஞ்சவங்கள்ல 89 சதவீதம். ஒரு பயிற்சியும் செய்யாதவங்கள்ல 67 சதவீதம். சின்ன ஆய்வுதான், இதை வச்சு உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனா எலும்பு தேய்ஞ்ச ஒரு அம்மாவைக் குனிய வைக்கறதைவிட சும்மா விடறதே மேல்ங்கற பக்கமா அது கை காட்டுது. இந்த வயசு விவசாயக் கூலிப் பெண்கள்ல எத்தனை பேர் எலும்பு ஸ்கேன் எடுத்திருப்பாங்க? கேட்காம, தெரியாம, முதுகுல கை வச்சு அமுக்கறது எந்த யோகா?

வஜ்ராசனமும் அப்படித்தான். "சாப்பிட்டதும் அரை மணி நேரம் உட்காருங்க, மூட்டு வலி போயிடும்"னு சொல்லி அனுப்பறாங்க. முழங்காலுக்கு வெளிப்பக்கம், எலும்பை ஒட்டியே ஒரு நரம்பு போகுது. நீண்ட நேரம் குதிகால் மேல உட்கார்ந்தா அது நசுங்கி, பாதத்தைத் தூக்க முடியாமப் போகலாம். மருத்துவ இதழ்ல 1971-லயே இதுக்கு "யோகா ஃபுட் டிராப்"னு பேர் வச்சுட்டாங்க. அபூர்வம்தான். ஆனா ஏற்கெனவே தேய்ஞ்ச மூட்டுக்கு அந்த ஆசனத்தால என்ன லாபம்னு எனக்கு இன்னும் யாரும் சொன்னதில்லை.

"பாரம்பரியத்தைக் குறை சொல்றீங்களா"ன்னு கிளம்பி வராதீங்க. ஆளுக்கு ஏத்த மாதிரி சொல்லித் தரணும்ங்கறதும் பாரம்பரியம்தான். 1930-கள்ல மைசூர் அரண்மனையில கிருஷ்ணமாச்சாரியார் துள்ளல், தாவல்னு சொல்லிக் கொடுத்தது இளவட்டப் பையன்களுக்கு. இன்னைக்கு உலகம் பூரா ஓடற வேகமான வரிசைகள்ல பெரும் பங்கு அங்கிருந்து கிளம்பினதுதான். அதே மனுஷர் பிற்பாடு சென்னைக்கு வந்து, நோயாளிகளை ஒவ்வொருத்தரா உட்கார வச்சு, நாடி பார்த்து, அவங்கவங்களுக்குத் தனித்தனியா பயிற்சி கொடுத்தார். நாம பையன்களோட பாடத்தைப் பிடிச்சுக்கிட்டு பாட்டிங்களுக்கு நடத்தறோம்.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம ஊர்க் கதையையே எடுங்க. திருவாவடுதுறை பக்கத்துல சாத்தனூர்ல மூலன்னு ஒரு மாடு மேய்க்கிறவர் செத்துக் கிடக்கார். மாடுங்க சுத்தி நின்னு கண்ணீர் விடுது. கயிலையிலிருந்து வந்த யோகி அதைப் பார்த்து மனசு இரங்கி அந்த மேய்ப்பன் உடம்புக்குள்ள போறார். அப்படித்தான் திருமூலர் ஆனார்னு பெரிய புராணம் சொல்லுது. அட்டாங்க யோகத்துக்குன்னே மூணாம் தந்திரம் வச்ச திருமந்திரம், காவிரிக் கரையில ஒரு கூலிக்காரன் உடம்புக்குள்ள இருந்து வந்ததா நம்பற ஊர் இது. இங்க வந்து "உழைக்கிறவங்களுக்கு எதுக்கு யோகா"ன்னு கேட்கறாங்க.

என் வகுப்புல நாள் முழுக்கக் குனிஞ்சவங்களுக்குக் குனியற ஆசனமே கிடையாது. முதல் பத்து நிமிஷம் சுவர்ல காலைத் தூக்கி வச்சுப் படுக்கறது. சேத்துல நின்னு வீங்கின காலுக்கு அதுவே பாதி மருந்து. அப்புறம் மகராசனம், மெதுவா புஜங்காசனம், முடிஞ்சவங்களுக்குச் சலபாசனம், சேதுபந்தாசனம். மூச்சை நீளமா விடப் பழகறது. கடைசியில சவாசனம். அதுல பாதிப் பேர் குறட்டை விடுவாங்க, எழுப்ப மாட்டேன். வாரத்துல மூணு நாள், சாயங்காலம், சேலையோடவே செய்யலாம். காலையில வெறும் வயித்துல செஞ்சாத்தான் பலன்னு அடம் பிடிச்சா இவங்க யாருமே வர முடியாது.

சக டாக்டர்களுக்கும் ஒண்ணு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி முயற்சி பண்ண வேண்டியவற்றுள் ஒண்ணா யோகாவை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017 வழிகாட்டுதல்ல சேர்த்திருக்கு. நாமளோ வலி ஊசி போட்டு, சீட்டுல "யோகா பண்ணவும்"னு ஒரு வரி கிறுக்கி அனுப்பறோம். எந்த யோகா, யார்கிட்ட, எது கூடாது? அதை எழுதாம விட்டா அந்த அம்மா நேரா மெடிக்கலுக்குத்தான் போவாங்க. வாரா வாரம் அதே வலி மாத்திரை, கடைசியில கிட்னி.

இன்னொரு பக்கம், சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்ற யோகா ஆசிரியர்கள். இதுல பேச்சுவார்த்தையே இல்லை. யோகா பிரஷரைக் கொஞ்சம் குறைக்கும், மாத்திரைக்குத் துணையா. இன்சுலினை நிறுத்தச் சொல்றவர் ஆசிரியர் இல்லை, ஆபத்து. அதே மாதிரி இடுப்பு வலியோட காலும் மரத்துப் போனா, சிறுநீர் போறதுல சிக்கல் வந்தா, ஆசனம் எதுவும் வேண்டாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி.

கடைசியா, யாரும் பேசாத ஒரு விஷயம். இந்தப் பெண்களுக்கு வேண்டிய பயிற்சியில முக்காவாசி படுத்துக்கிட்டுச் செய்யறது. ஆம்பளைங்க நடமாடற களத்துலயோ, ஸ்கூல் மைதானத்துலயோ அவங்க மல்லாந்து படுப்பாங்களா? நீங்க படுப்பீங்களா? யோகா தினத்துக்குப் பாய், டீ-ஷர்ட், பேனர்னு செலவு பண்ற ஊராட்சித் தலைவர்களே, அதெல்லாம் வேண்டாம். சமுதாயக் கூடத்துல கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், ரெண்டு மின்விசிறி. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு மேல ஒரு மணி நேரம், சாவி மகளிர் குழு கையில. இதுக்கு ஜூன் 21 வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.